கொல்லைப்புறத்தில் ஓர் அலுவலக அறை
(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)



"பயனுள்ளதாக ஏதாவது பேசுங்கள், அணைக்கட்டு வேண்டாம்" என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே அணையை விட்டுவிட்டுப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை ஒன்றைப் பற்றிப் பேசப் போகிறேன். 1982-இல் இங்கே சிவில் முடித்து, முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிய கட்டடங்களோடு மல்லுக்கட்டியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு நண்பர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இந்தச் சின்ன அறையைப் பற்றித்தான்.

காரணம் உங்களுக்கே தெரியும். 2020-இல் கொரோனா வந்தது. அலுவலகம் வீட்டுக்குள் வந்தது. கொரோனா அடங்கிய பிறகும் பல வீடுகளில் அலுவலகம் வெளியே போகவில்லை. எங்கள் வீட்டில் மருமகளுக்குக் கணினி நிறுவன வேலை. கட்டில்மேல் உட்கார்ந்து மீட்டிங் பேசுவாள். நடுவில் குக்கர் விசில், கேஸ்காரர், குழந்தை அழுகை. ஒருநாள், "மாமா, இந்த மாசத்தோட வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்" என்றாள். திறமை குறைந்து அல்ல, உட்கார இடமில்லாமல் ஒரு பெண் வேலையை விடுவதா? அன்றைக்கே கொல்லைப்புறத்தை டேப் வைத்து அளந்தேன்.

இந்தச் செய்தி கேட்டு, இங்கிலாந்தில் இருக்கும் நம் செட் நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். தோட்டத்தின் மூலையில் அழகான மரக்குடில். "இதையே போடுடா, துண்டு துண்டாக வரும், பூட்டினால் முடிந்தது" என்றார். அங்கே அது சரி. மரம் குளிரை உள்ளே விடாது. அந்த ஊருக்கே உரிய கரையான் கிடையாது. எல்லையிலிருந்து இரண்டு மீட்டருக்குள் கட்டினால் உயரம் இரண்டரை மீட்டரைத் தாண்டக் கூடாது என்பதுபோன்ற சில விதிகளுக்கு உட்பட்டால், இங்கிலாந்தில் பெரும்பாலான வீடுகளில் தனி அனுமதிகூடத் தேவையில்லை.

நம் ஊர்க் கதை வேறு. அங்கே பகைவன் குளிர். இங்கே பகைவர்கள் மூன்று பேர்: வெயில், கரையான், ஐப்பசி மழை. விளம்பரத் தாளில் நமக்குக் காட்டுவது சுவர். நாம் பார்க்க வேண்டியது முதலில் கூரை, அடுத்து தரை, கடைசியில்தான் சுவர். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விளக்கம்.

முதலில் கூரை. தகரமோ கல்நார் ஷீட்டோ போட்டால் பகல் இரண்டு மணிக்கு உள்ளே ஆள் இருக்க முடியாது. கல்நார்த் தூசி நுரையீரலுக்குக் கேடு என்பதும் உலகறிந்தது. கீற்று குளுமைதான், ஆனால் சில ஆண்டுக்கொருமுறை மாற்ற வேண்டும், மின்கம்பி ஓடும் அறைக்கு நெருப்புப் பயமும் உண்டு. நான் தேர்ந்தெடுத்தது மங்களூர் ஓடு. அதற்கு அடியில் தட்டையான சீலிங் ஓடு ஒரு வரிசை. இரண்டுக்கும் நடுவே நிற்கும் காற்று வெப்பத்தைத் தடுக்கிறது. முக்கோணச் சுவரின் உச்சியில் இரண்டு பக்கமும் காற்றுத் துளை விட்டால் சூடான காற்று தானே வெளியேறும். கைமரத்துக்கு, இடித்த பழைய வீட்டின் வைரம் பாய்ந்த பனஞ்சட்டங்களை வாங்கினேன். கான்கிரீட் தளம்தான் வேண்டும் என்பவர்கள் மேலே வெள்ளைச் சுண்ணாம்பாவது அடியுங்கள். வித்தியாசம் முதல் நாளே தெரியும்.

கூரையோடு சேர்ந்தது திசை. "வடக்கு ஜன்னலில் வெயிலே படாது" என்று படித்திருப்போம். அது இங்கிலாந்துக்காரன் எழுதிய பாடம். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்று வடக்கே சாய்ந்து நிற்கிறது. ஆகவே வடக்கு ஜன்னலுக்கும் சன்ஷேடு வேண்டும். நீளச் சுவர்கள் வடக்கும் தெற்குமாக இருக்கட்டும். ஜன்னல்களை அவற்றில் வையுங்கள். மேற்குச் சுவரில் ஜன்னலே வேண்டாம். அந்தப் பக்கம் ஒரு வேப்பமரம் இருந்தால் பாக்கியம். தென்னை மட்டும் தள்ளியே நிற்கட்டும். தேங்காய்க்கு மீட்டிங் நேரம் தெரியாது!

அடுத்தது தரை. கடைக்கால் தோண்டுவதற்கு முன் மண்ணைப் பாருங்கள். கரிசல் என்றால் கோடையில் வெடிக்கும், மழையில் உப்பும். "சின்ன அறைதானே, ஒன்றரை அடி வானம் போதும்" என்பார் கொத்தனார். உண்மை நேர்மாறு. கனமான கட்டடம் தன் பாரத்தால் மண்ணை ஓரளவு அழுத்திப் பிடிக்கும். இலேசான கட்டடத்தை மண் எளிதாகத் தூக்கிவிடும். இதற்காகவே ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம், அடிப்பக்கம் விரிந்த பைல் முறையை உருவாக்கித் தந்தது. எங்கள் வீட்டில் நல்ல செம்மண். ஆகவே சாதாரணக் கல் அஸ்திவாரமே போதுமானதாயிற்று. பேஸ்மட்டத்தைத் தரையிலிருந்து இரண்டடி உயர்த்தினேன். மழைநீருக்காக மட்டும் அல்ல, கரையானுக்காகவும்தான். கரையான் மண்ணிலிருந்து மண்குழாய் கட்டிக்கொண்டுதான் ஏறும். பேஸ்மட்டம் நாலு பக்கமும் கண்ணில் பட்டால் குழாய் எழும்போதே தெரிந்துவிடும். விறகையும் பழைய பலகையையும் சுவரில் சாய்த்து வைக்காதீர்கள். கடைக்கால் போடும்போதே மண்ணுக்கு மருந்திட வேண்டும். அதற்கு இந்தியத் தரநிலை 6313 இருக்கிறது. மாணவர்கள் அதை ஒருமுறை எடுத்துப் படியுங்கள்.

இப்போதுதான் சுவர். திருவனந்தபுரத்தில் வாழ்ந்து மறைந்த லாரி பேக்கர் (1917–2007) பரப்பிய 'ராட் ட்ராப்' கட்டு பலருக்கும் நினைவிருக்கும். செங்கலைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டுவது. ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு செங்கல் மிச்சம். நடுவில் காற்று நிற்பதால் உள்ளே சூடும் குறைவு. எங்கள் கொத்தனார் முதல் நாள், "என்ன சார், எலிப்பொறி மாதிரி இருக்கே" என்றார். அதன் பெயரே அதுதான் என்றதும் சிரித்துவிட்டார். மூன்றாம் நாள் அவரே பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விளக்கிக்கொண்டிருந்தார்.

அப்படியானால் மரக்குடிலே கூடாதா? அப்படிச் சொல்லமாட்டேன். ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு இருந்தால் தாராளமாகப் போடலாம். சமவெளியில் ஆசைப்பட்டால் கல்தூண்மேல் உயர்த்தி, தூணுக்கும் மரத்துக்கும் நடுவே உலோகத் தகடு வைத்து, மருந்தேற்றிய மரத்தில் கட்டுங்கள். மரம் குறுக்குவாட்டில் மழைக்கு உப்பும், வெயிலுக்குச் சுருங்கும். அடுக்கிய மரச்சுவர் நாளடைவில் சற்றுக் கீழே இறங்கும். கதவு, ஜன்னல் நிலைக்கு மேலே இடைவெளி விடாவிட்டால் கதவு பிடித்துக்கொள்ளும். வாடகை வீட்டுக்காரர்களுக்கு, பிரித்து எடுத்துப்போகக்கூடிய பஃப் பேனல் அறை பொருந்தும். அதற்குமேல் தனியாக ஒரு நிழல் பந்தல் அவசியம்.

மின்சாரத்தில் சிக்கனம் வேண்டாம். வீட்டிலிருந்து கவசக் கேபிளை மண்ணுக்கடியில் கொண்டுபோய், எர்த் சரியாகப் போட்டு, 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. வைத்துவிடுங்கள். இணையத்துக்கு வேறு குழாயில் ஃபைபர் இழுத்தால், அதன் வழியே இடிமின்னல் பாயாது. கட்டுவதற்கு முன் உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டைச் சுற்றி விட வேண்டிய காலி இடத்துக்கு 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் கணக்கு இருக்கிறது. பி.எஃப். பணத்தைப் போட்டுக் கட்டியதை நோட்டீஸ் வந்து இடிக்க நேர்ந்தால் தாங்குமா?

இத்தனைக்கும் பிறகு ஒரு பொருள் மிச்சம் இருக்கிறது. அது கடையில் கிடைக்காது. அறையின் கதவு மூடியிருந்தால் உள்ளே இருப்பவர் வேலையில் இருக்கிறார் என்று வீட்டிலுள்ளோர் ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் இதற்கு ஆறு மாதம் ஆயிற்று. செங்கல் வேலை முடிய அவ்வளவு நாள் ஆகவில்லை! மருமகள் இன்றும் அதே வேலையில் இருக்கிறாள். இப்போது நாலு பேருக்கு மேலே இருக்கிறாள்.

மாணவச் செல்வங்களே, மேம்பாலமும் மெட்ரோவும் கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அதற்கு முன் இப்படி ஓர் அறையை நீங்களே வரைந்து, கடைக்கால் முதல் கூரை வரை கூடவே நின்று கட்டிப் பாருங்கள். மண், வெயில், காற்று, மழை, கொத்தனார், வீட்டுக்காரர் என்று நம் படிப்பு முழுவதும் அந்த 120 சதுர அடிக்குள் இருக்கிறது. பழைய மாணவ நண்பர்களே, உங்கள் ஊரில் யாராவது இப்படி அறை கட்டத் தொடங்கினால், ஒரு நடை போய் மண்ணையும் திசையையும் பார்த்துச் சொல்லிவிட்டு வாருங்கள். அதற்கு ஃபீஸ் வேண்டாம், ஒரு காபி போதும்.