கொப்பரை நெய் ஏன் கொதிப்பதில்லை?

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணிக்கு, 2,668 அடி உயர அண்ணாமலை உச்சியில் பர்வதராஜ குலத்தார் பெரிய கொப்பரையில் மகாதீபம் ஏற்றுவார்கள். அதற்குச் சுமார் 3,500 கிலோ நெய், 1,000 மீட்டர் காடாத் துணி. நெய் டின்களை மனிதர்கள்தான் சுமந்து ஏற வேண்டும். 11 நாள் ஊருக்கே தெரியும் தீபம். அவ்வளவு தீ மேலே எரிந்தும் கொப்பரை நெய் தண்ணீர் போலத் தளதளவென்று கொதிப்பதில்லை. ஏன்?

அந்த நெய் உருவான அடுப்புக்கு முதலில் போவோம். வெண்ணெயில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு தண்ணீர். உருக்கும்போது வரும் சடசடப்பு அந்தத் தண்ணீர் ஆவியாகும் சத்தம். அது கேட்கிறவரை, அடுப்பை எவ்வளவு தூண்டினாலும் சட்டியின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். சத்தம் அடங்கியதும் விறுவிறுவென ஏறும். முருங்கை இலையைக் கிள்ளிப் போட்டு உடனே இறக்காவிட்டால் நெய் கருகிவிடும். பாட்டிமார் காதாலேயே வெப்பம் அளந்தார்கள் என்றுதான் நான் சொல்வேன்.

கொதிக்கும் தண்ணீருக்குள் போகிற வெப்பம் எங்கே மறைகிறது? 1760களில் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஜோசப் பிளாக் இதைத்தான் கேட்டார். தண்ணீர் கொதிநிலைக்கு வர ஆகும் நேரத்தையும், முழுக்க ஆவியாகித் தீர ஆகும் நேரத்தையும் ஒப்பிட்டார். இரண்டாவது பல மடங்கு நீண்டது. அந்த வெப்பம் சூட்டை ஏற்றவில்லை; நீரை ஆவியாக்குவதிலேயே செலவாகிறது. நம் பாடப்புத்தகத்தின் 'உள்ளுறை வெப்பம்' அதுதான். இன்றைய கணக்கில், 0 டிகிரி தண்ணீரை 100 டிகிரிக்குக் கொண்டுவரும் வெப்பத்தைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். பிளாக் இதை வகுப்பில் சொன்னாரே தவிர நூலாக வெளியிடவில்லை. அவர் இறந்தபின் 1803இல்தான் அந்த விரிவுரைகள் அச்சேறின.

அந்த 100 டிகிரிகூட எல்லா இடத்திலும் 100 இல்லை. காற்றழுத்தம் குறையக் குறையக் கொதிநிலையும் இறங்கும். அண்ணாமலை உச்சியில் தண்ணீர் 97 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். 1835இல் ஆண்டிஸ் மலையில் சார்லஸ் டார்வினின் துணையாட்கள் இரவெல்லாம் வேகவைத்தும் உருளைக்கிழங்கு வேகவில்லை. புதுப் பானைதான் சரியில்லை என்று அவர்கள் முடிவு கட்டினார்களாம்!

நெய்யின் கதை வேறு. சுமார் 250 டிகிரியில் புகையும், அதற்கு மேல் சிதையும். தண்ணீரைப் போல நின்று கொதிக்கும் நிலை அதற்கு வாய்ப்பதில்லை. தவிர, நெய் நெய்யாகவே எரிவதும் இல்லை. உருகித் திரியில் ஏறி, அங்கே ஆவியாகி, அந்த ஆவிதான் எரிகிறது. மைக்கேல் ஃபாரடே 1860 கிறிஸ்துமஸ் காலத்தில் லண்டனில் சிறுவர்களுக்காக ஒரு மெழுகுவத்தியை வைத்தே விரிவுரைத் தொடர் நடத்தினார். சுடரின் நடுவில் கண்ணாடிக் குழாயை நுழைத்து, அதன் வழியே ஆவியை வெளியே எடுத்து, குழாயின் மறுமுனையில் பற்றவைத்துக் காட்டினார். ஆவியாகிற அளவுக்குத்தான் எரியும் என்பதால்தான் நெய் ஒரே மூச்சில் பற்றிக்கொள்வதில்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு விஷயம். வாணலி எண்ணெய் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றாதீர்கள். எண்ணெயைவிடக் கனமான தண்ணீர் அடியில் இறங்கி, நொடியில் 1,600 மடங்குக்கு மேல் விரிந்து நீராவியாகி, எரியும் எண்ணெயை மேலே வீசும். அடுப்பை அணைத்துத் தட்டால் மூடுங்கள், போதும்.

தீபத்தின் மஞ்சள் ஒளிக்கும் ஃபாரடே காரணம் சொன்னார். சுடருக்குள் பழுக்கக் காய்ந்து ஒளிர்பவை நுண்ணிய கரித்துகள்கள். எரியாமல் தப்பியவை கரியாகப் படியும். கொப்பரையிலிருந்து எடுக்கும் கரியைத்தான் தீப மையாக்கி, மார்கழி ஆருத்ரா தரிசனத்தில் நடராஜருக்குச் சாத்திவிட்டுப் பக்தர்களுக்குத் தருகிறார்கள்.