அக்கிக்கு இல்லாத வெட்கம்

நம் கரிசல் ஊர்களில் விலாவைச் சுற்றி அக்கி வந்தவர் அதை ஒளிப்பதில்லை. சட்டையைக் கழற்றிவிட்டு மண்பாண்டம் வனையும் வேளார் வீட்டுத் திண்ணையில் உட்காருவார். செங்காவியைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் சிங்கம் எழுதுவார்கள். தெருவில் போகிறவர் நின்று, "எரிச்சல் குறைஞ்சிருக்கா?" என்று விசாரிப்பார். காவி கிருமியைக் கொல்லாது, அது வேறு பேச்சு. அக்கிக் கிருமியின் குடும்பத்து வைரஸ் ஒன்று இடுப்புக்குக் கீழே கொப்புளமாக வந்து, ஹெர்பிஸ் என்று டாக்டர் சொல்லிவிட்டால், இனி ஏது கல்யாணம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். நோயில் இருப்பதைவிட நம் பார்வையில் இருக்கும் பேதம்தான் பெரிது என்பதே என் வாதம்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டு மதிப்பீட்டில், 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேருக்கு முதல் வகை ஹெர்பிஸ். 15 முதல் 49 வயதுக்குள் சுமார் 52 கோடிப் பேருக்கு இரண்டாம் வகை. பலருக்கு அறிகுறியே தெரியாது. முதல் வகை பெரும்பாலும் குழந்தைப் பருவத்தில், கொஞ்சுகிறவர் வாயிலிருந்தே தொற்றுகிறது. பிற்பாடு வாயிலிருந்து பிறப்புறுப்புக்கும் போகலாம். நரம்பில் ஆண்டுக்கணக்கில் உறங்கிவிட்டு எழுவதால், கல்யாணமாகிப் பத்தாம் வருஷம் வந்த கொப்புளத்தைக் காட்டி, "யாரிடம் போனாய்?" என்று கேட்பதற்கு மருத்துவத்தில் ஆதாரமில்லை. சரி, ஜாதகத்தோடு ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் மாற்றிக்கொள்ளலாமே என்பீர்கள். முதல் வகைக்கான ரத்தப் பரிசோதனை, தொற்று உதட்டிலா வேறிடத்திலா என்று சொல்லாது. அதை நம்பினால் பந்தலில் பாதிப் பேர் எழுந்து போகவேண்டியிருக்கும்!

தீராத நோய்க்காரருக்கு எதற்குக் கல்யாணம் என்பது அடுத்த கேள்வி. சின்னம்மையும் தீர்ந்து போவதில்லை. நரம்பில் தங்கித்தான் பிறகு அக்கியாக வருகிறது. ஹெர்பிஸுக்கு அசைக்ளோவிர் உண்டு. அரசு மருத்துவமனைகளில் பால்வினை நோய்க்கான சுகவாழ்வு மையங்களில் சிவப்புப் பொட்டலமாகத் தருவது அதைத்தான். அதே வகை மருந்தான வாலசைக்ளோவிரைத் தினமும் சாப்பிட்டால் துணைக்குத் தொற்றுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆணுறையும் குறைக்கும், முழுக்கத் தடுக்காது. இரண்டாம் வகை இருந்தால் எச்ஐவி தொற்றும் வாய்ப்பு கூடும். கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் புதிதாகத் தொற்றினால் குழந்தைக்கு ஆபத்து. ஒன்றுமில்லாத நோய் என்று நான் சொல்லவில்லை.

அதனால் துணையிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னவருக்கு நாம் என்ன செய்கிறோம்? 2018 டிசம்பர், நம் கரிசல் ஊர்களில் ஒன்றான சாத்தூர். அங்கே ஒரு கர்ப்பிணிக்கு எச்ஐவி உள்ள ரத்தம் ஏற்றப்பட்டது. ரத்தம் கொடுத்த இளைஞர் வெளிநாட்டு வேலைக்கான பரிசோதனையில்தான் தன் நிலையை அறிந்தார், அறிந்ததும் தானாகவே ரத்த வங்கிக்குத் தகவல் சொன்னார். அந்த மாதம் முடிவதற்குள் உயிரை மாய்த்துக்கொண்டார். எச்ஐவி வேறு, ஹெர்பிஸ் வேறு. வாயைத் திறக்க விடாத பயம் ஒன்றுதான்.

நாளை ஒரு பெண்ணோ மாப்பிள்ளையோ தனியாகக் கூப்பிட்டு, "எனக்கு இது இருக்கு, மாத்திரை சாப்பிடுறேன்" என்றால், தரகர் காதில் போடாதீர்கள். இருவரையும் டாக்டரிடம் அனுப்புங்கள். கேட்டுவிட்டு வேண்டாம் என்றாலும் அது அவர்கள் உரிமை. காரணம் ஊருக்குத் தெரியவேண்டியதில்லை.