1679 மே 27: பிரபுக்கள் சபையின் ஒரு நாள்

ஒருவரைக் காவலில் வைத்திருப்பவர், அவரை நீதிபதி முன் நிறுத்திக் காரணம் சொல்ல வேண்டும் என்பது ஆட்கொணர்வு ஆணை. இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 32, 226ஆம் பிரிவுகளின் கீழ் நீதிமன்றங்கள் வழங்கும் இந்த ஆணை இங்கிலாந்தில் பிறந்தது. அங்கே அதற்கு உறுதியான நடைமுறையைக் கொடுத்த சட்டம், 1679 மே 27, செவ்வாய்க்கிழமை அன்று வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையில் பிரபுக்கள் சபை கூடிக் கலைவதற்குள் நிறைவேறியது. 17ஆம் நூற்றாண்டில் அந்தச் சபையின் ஒரு நாள் எப்படிக் கழிந்தது என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான நாள் கிடைப்பது அரிது.

சபை காலையில் கூடும். ஆயர்களில் இளையவர் ஜெபம் படிப்பார். அறையின் மேல்கோடியில் அரியணை இருந்தது. அரியணைக்கு முன்னால், கம்பளி அடைத்த சிவப்பு மெத்தையில், தலைமை வகிக்கும் சான்சலர் உட்கார்ந்திருப்பார். அன்று அந்த இடத்தில் இருந்தவர் ஹெனேஜ் ஃபின்ச். அரசரின் வலப்பக்க வரிசைகளில் ஆயர்கள், இடப்பக்கத்தில் ஏர்ல் முதலான மேல்நிலைப் பிரபுக்கள், குறுக்கு வரிசைகளில் பாரன்கள். நீதிபதிகளுக்கும் நடுவே கம்பளி மெத்தைகள் உண்டு. அவர்கள் கேட்டால் சட்டம் சொல்லலாம், வாக்கு கிடையாது. சுவர்களில் 1588இல் ஸ்பானியக் கப்பற்படை தோற்ற கதையைச் சொல்லும் திரைச்சீலைகள் தொங்கின.

எழுத்தர் முதலில் செய்யும் வேலை வந்தவர்களின் பெயரைக் குறிப்பது. நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஒவ்வொரு நாளும் இந்தப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. அச்சிட்ட தொகுதிகளைப் புரட்டுவோர் பெரும்பாலும் தாண்டிப் போகும் பகுதி இது. தாண்டிப் போவது தவறு என்பதற்கு இந்த மே 27 நல்ல சாட்சி.

அலுவல்கள் பலவகைப்பட்டவை. மசோதாக்கள் மூன்று முறை வாசிக்கப்படும். இரண்டாம் வாசிப்புக்குப் பின் குழுவுக்குப் போகும். மனுக்கள் வரும், மேல்முறையீட்டு வழக்குகள் வரும். 1621இல் பிரான்சிஸ் பேக்கன் லஞ்சக் குற்றத்துக்காக விசாரிக்கப்பட்டது முதல், பெரிய மனிதர்களைக் கூண்டில் ஏற்றும் நீதிமன்றமாகவும் இந்தச் சபை மீண்டும் தலையெடுத்திருந்தது. 1679இன் சச்சரவும் அங்கிருந்தே வந்தது. முன்னாள் நிதியமைச்சர் டேன்பி பிரபு லண்டன் கோபுரச் சிறையில் இருந்தார். மரண தண்டனைக்குரிய விசாரணையில் ஆயர்கள் உட்காரலாமா கூடாதா என்று இரு சபைகளும் வாரக்கணக்கில் மல்லுக்கட்டின. கீழவையான காமன்ஸ் சபையோ, அரசரின் தம்பி ஜேம்ஸைப் பட்டத்துரிமையிலிருந்து விலக்கும் மசோதாவுக்கு மே 21 அன்று 207க்கு 128 என்ற வாக்கில் இரண்டாம் வாசிப்பு கொடுத்துவிட்டது. அரசர் இரண்டாம் சார்லஸ் எந்த நேரமும் கூட்டத்தொடரை முடித்துவிடுவார் என்ற நிலை. முடித்தால், ஒப்புதல் பெறாத மசோதா எதுவானாலும் செத்துப்போகும்.

இந்த நெருக்கடியில்தான் ஆட்கொணர்வு மசோதா சிக்கியிருந்தது. ஆணை பழையது, ஓட்டைகளும் பழையவை. 1676இல் பிரான்சிஸ் ஜென்க்ஸ் என்ற லண்டன் வணிகர், புதிய நாடாளுமன்றம் வேண்டும் என்று பேசியதற்காகச் சிறைப்பட்டபோது, நீதிமன்ற விடுமுறையைக் காரணம் காட்டி அவருக்கு ஆணை மறுக்கப்பட்டது. மசோதாவுக்குத் துணைநின்ற ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவே 1677இல் கோபுரச் சிறையிலிருந்து ஆணை கேட்டு, கிடைக்காமல் திரும்பியவர். புதிய மசோதா ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்தது. கேட்ட 6 மணி நேரத்துக்குள் கைதிக்குக் காவல் உத்தரவின் நகல் தர வேண்டும். 20 மைலுக்குள் என்றால் 3 நாளில், 100 மைலுக்குள் என்றால் 10 நாளில், அதற்கும் அப்பால் என்றால் 20 நாளில் கைதியைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும். விடுமுறையிலும் நீதிபதி ஆணை தர வேண்டும்; மறுத்தால் 500 பவுண்டு தண்டம். கைதியைக் கடல்கடந்து அனுப்பக் கூடாது. உரிமையைப் பற்றி உயர்ந்த சொற்கள் ஏதும் பேசாமல், மைலையும் நாளையும் பவுண்டையும் எண்ணியதே இந்தச் சட்டத்தின் பெருமை.

பிரபுக்கள் செய்த திருத்தங்களைக் காமன்ஸ் ஏற்கவில்லை. இப்படிப்பட்ட வேளையில் இரு சபைப் பிரதிநிதிகளும் ‘ஓவியக் கூடம்’ என்ற பழைய மண்டபத்தில் கலந்தாய்வார்கள். பிரபுக்கள் தொப்பியோடு உட்கார்ந்திருப்பார்கள். காமன்ஸ் உறுப்பினர்கள் தொப்பியைக் கழற்றி நிற்பார்கள். மே 27 அன்று, இந்த மசோதாவுக்காக மேலும் ஒரு கலந்தாய்வுக்கு இசைவதா என்பது கேள்வியாயிற்று. இல்லை என்று முடிவாகியிருந்தால் மசோதாவின் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

வாக்கெடுப்பில் எண்ணும் பொறுப்பு கிரே பிரபுவுக்கும் நாரிஸ் பிரபுவுக்கும் என்று, தம் காலத்து வரலாற்றை எழுதிய கில்பர்ட் பர்னெட் சொல்கிறார். பருத்த பிரபு ஒருவர் உள்ளே வந்தபோது கிரே விளையாட்டாக அவரைப் பத்துப் பேராக எண்ணினார்; கவனம் சிதறியிருந்த நாரிஸ் மறுக்கவில்லை; எண்ணிக்கை அப்படியே நின்றது என்பது அவர் தரும் செய்தி. பர்னெட்டின் நூல் அவர் இறந்த பிறகு, 1724இல்தான் அச்சேறியது. வெறும் கட்டுக்கதை என்று தள்ளிவிடலாம். ஆனால் எழுத்தரின் கைக்குறிப்பு 57க்கு 55 என்று சொல்கிறது, கூட்டினால் 112. குறிப்பேட்டின் வருகைப் பட்டியலிலோ 107 பேர்தான். பத்தை ஒன்றாக்கினால் 48க்கு 55, மசோதா தோற்றிருக்க வேண்டும்.

இதைக் கொண்டு கதை மெய்யானது என்று தீர்ப்பெழுதுவதும் அவசரம். தாமதமாக வந்தவர் பெயர் பட்டியலில் விடுபட்டிருக்கலாம். எழுத்தர் கை பிசகியிருக்கலாம். கணக்கு இடிக்கிறது என்பது உறுதி. ஏன் இடிக்கிறது என்பதற்கு விளையாட்டு ஒன்றே விளக்கம் ஆகிவிடாது.

கலந்தாய்வு நடந்தது, பிணக்கு தீர்ந்தது. அரசர் அரியணையில் வந்து அமர்ந்தார். கருங்கோல் ஏந்திய அலுவலர் போய் அழைக்க, காமன்ஸ் உறுப்பினர்கள் தடுப்புக் கட்டைக்கு அப்பால் வந்து நின்றார்கள். மசோதாவின் பெயர் வாசிக்கப்பட்டதும், அரசர் இதை விரும்புகிறார் என்று எழுத்தர் பழைய நார்மன் பிரெஞ்சில் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தோடு மசோதா சட்டமானது. உடனே கூட்டத்தொடர் ஆகஸ்ட் 14 வரை நிறுத்திவைக்கப்பட்டது. அந்தத் தேதி வருவதற்குள், ஜூலையிலேயே, நாடாளுமன்றம் கலைக்கப்பட்டுவிட்டது.

1834 அக்டோபர் 16 அன்று அரண்மனை எரிந்தபோது திரைச்சீலைகள் சாம்பலாயின. காமன்ஸ் சபையின் பழைய ஆவணங்களில் பெரும்பகுதி அழிந்தது. பிரபுக்கள் சபையின் ஏடுகள் தெருவுக்கு அப்பால் இருந்த கல் கட்டடமான நகைக் கோபுரத்தில் இருந்ததால் பிழைத்தன. அதனால்தான் கைக்குறிப்பின் 112ஐயும் பட்டியலின் 107ஐயும் இன்றும் அருகருகே வைத்துப் பார்க்க முடிகிறது. இந்தச் சபையின் எந்த நாளை ஆராயப் புகுபவரும் விவாதத்தைத் தேடுமுன் அன்றைய பெயர்ப் பட்டியலை எண்ணிவிட்டு வர வேண்டும்.