பங்கு என்பது பகிர்வு



மதுரையிலிருந்து திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியாகத் தென்காசிச் சாலையில் சென்றால் திருவில்லிபுத்தூர் வரும். பதினொரு நிலைக் கோபுரம் தொலைவிலேயே தெரியும். ஆடிப்பூரத்தன்று ஊர் கூடி வடம் பிடித்தால்தான் அங்கே தேர் நகரும். அதைத் தாண்டி, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இராஜபாளையம் இருக்கிறது. 1936இல் இராஜபாளையம் மில்ஸ் தொடங்கிய காலத்திலிருந்து அது பஞ்சாலைகளின் ஊர். பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ இருக்கும் நோயாளிகளின் காயங்களைக் கட்டுகிறது. மதுரை உயர்மறைமாவட்டத்தின் இந்தப் பகுதிப் பங்குகளை இன்று மனத்தளவில் சந்தித்து வருவோம்.

ஒரு பங்கைச் சந்திக்கப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது கோவிலை. பீடம், கெபி, கொடிமரம் எல்லாம் பார்த்துவிட்டு, "அழகான பங்கு" என்று சொல்லித் திரும்பிவிடுகிறோம். ஆனால் திருச்சபைச் சட்டம் 515, பங்கைக் கட்டடம் என்று சொல்லவில்லை. மறைமாவட்டத்தில் நிலையாக ஏற்படுத்தப்பட்ட இறைமக்கள் குழுமம் என்று சொல்கிறது. சட்டம் 529 இன்னும் ஒரு படி மேலே போகிறது. பங்குத்தந்தை தம் மக்களை அறிந்திருக்க வேண்டும், வீடுகளைச் சந்திக்க வேண்டும், அவர்களுடைய கவலையிலும் துக்கத்திலும் கலந்துகொள்ள வேண்டும், ஏழைகளையும் தனித்திருப்போரையும் சொந்த ஊரை விட்டு வந்தோரையும் சிறப்பாகக் கவனிக்க வேண்டும் என்கிறது. ஆகவே பங்கைச் சந்திப்பது என்றால், தெருவுக்குள் நுழைந்து வீட்டு வாசலில் நிற்பது.

அப்படி நின்றால் என்ன தெரியும்? ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் நடக்கிறது. பத்துப் பன்னிரண்டு குடும்பங்கள் பாய் விரித்து உட்கார்ந்து இறைவார்த்தையை வாசிக்கிறார்கள். யார் வீட்டில் சுகமில்லை, யார் பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட முடியவில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். இது நல்ல காட்சி. அதற்கு அடுத்த வீட்டில், பிள்ளைகள் திருப்பூருக்கும் சென்னைக்கும் பிழைக்கப் போய்விட, ஒரு பாட்டி தனியாக இருக்கிறார். முழங்கால் வலியால் கோவிலுக்கு வந்து பல மாதங்கள் ஆகின்றன. இன்னும் சற்றுத் தள்ளி ஆலை விடுதி. ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்த இளைஞர்கள் இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறார்கள். அவர்களில் சிலர் கழுத்தில் ஜெபமாலை இருக்கலாம். ஆனால் அவர்கள் பெயர் எந்த அன்பியத்தின் பதிவேட்டிலும் இருக்காது.

திருத்தூதர் பணிகள் நூலின் இரண்டாம் அதிகாரத்தை நாம் விரும்பி வாசிக்கிறோம். தொடக்கத் திருச்சபையில் எல்லாம் பொதுவாக இருந்தது, அப்பம் பிட்கப்பட்டது, மகிழ்ச்சி நிறைந்தது. ஆறாம் அதிகாரத்தை அவ்வளவாக நினைப்பதில்லை. அங்கே முணுமுணுப்பு எழுகிறது. அன்றாடப் பந்தியில் கிரேக்க மொழி பேசுவோரின் கைம்பெண்கள் விடுபட்டுப் போனார்கள். யாரும் பகைமையால் விலக்கியதாக லூக்கா எழுதவில்லை. கவனிக்கப்படவில்லை, அவ்வளவுதான். வேறு மொழி, வேறு ஊர். ஆகவே பரிமாறியவர்களின் கண்ணில் படவில்லை.

திருத்தூதர்கள் என்ன செய்தார்கள்? முணுமுணுத்தவர்களைக் கண்டித்து அனுப்பவில்லை. பந்தியை மேற்பார்வையிட எழுவரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு தொடங்கி நிக்கொலா வரை அந்த ஏழு பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். விடுபட்டவர்களின் பக்கத்திலிருந்தே பொறுப்பாளர்கள் வந்தார்கள் என்று இதைக் கொண்டு கருதலாம். அதன்பின் இறைவார்த்தை மேலும் பரவியது என்று அதே அதிகாரம் சொல்கிறது.

இங்கே இரண்டு சொற்களைச் சேர்த்துப் பார்ப்போம். பங்கைக் குறிக்கும் பழைய கிரேக்கச் சொல் 'பரோய்க்கியா'. சொந்தமல்லாத ஊரில் தங்கி வாழ்வது என்பது அதன் பொருள். தமிழில் நாம் அதைப் 'பங்கு' என்கிறோம். பந்தியில் கிடைக்கும் பங்கும், சொத்தில் கிடைக்கும் பங்கும் அதே சொல்தான். அந்நியராய்த் தங்கியிருப்பவருக்கும் பங்கு கிடைக்கும் இடம் எதுவோ, அதுவே பங்கு. வரி கட்டிய ரசீதும், கல்யாணத்துக்கு ஓலை வாசிப்பதும் நம்மைப் பங்கின் பட்டியலில் சேர்க்கும். நாம் வராத ஞாயிறன்று "ஏன் வரவில்லை?" என்று ஒருவர் வந்து கேட்கும்போதுதான் நமக்கு அங்கே பங்கு உண்டு என்று தெரியும்.

நம் தென்தமிழகத்து விசுவாசமே இப்படி வளர்ந்தது. 1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி இத்தாலியர். 1693இல் ஓரியூரில் உயிர் கொடுத்த அருளானந்தர் லிஸ்பனில் பிறந்தவர். கோவில்பட்டி அருகே காமநாயக்கன்பட்டியில் பணியாற்றிய வீரமாமுனிவரும் இத்தாலியர்தான். அவர்கள் நம் மொழியைக் கற்றார்கள். நம் முன்னோரில் பலர் அவர்களுக்குத் திண்ணையில் இடம் கொடுத்தார்கள். வேற்றூராரை ஏற்றுக்கொண்ட வீடுகளிலிருந்து வந்த நாம், இன்று விடுதியில் இருக்கும் வேற்றூராரைக் கண்டும் காணாமல் போகலாமா?

ஆகவே இந்த வாரம் மூன்று காரியங்கள் செய்வோம். ஒன்று, நம் அன்பியத்தில் இரண்டு மாதமாக வராதவர் யார் என்று பார்த்து, அவர் வீட்டுக்கு இருவர் இருவராகப் போவோம். காணிக்கை கேட்க வேண்டாம், கணக்கும் கேட்க வேண்டாம். நலம் கேட்டால் போதும். இரண்டு, ஞாயிறன்று ஷிப்ட் இருப்பவர்களுக்கு வசதியாக அன்பியக் கூட்டத்தின் நாளையும் நேரத்தையும் மாற்ற முடியுமா என்று பேசுவோம். மூன்று, புதிதாக வந்தவருக்கு நாற்காலியோடு ஒரு பொறுப்பும் கொடுப்போம். அவர் தம் மொழியில் ஒரு மன்றாட்டைச் சொல்லட்டும். புரியாவிட்டாலும் நாம் "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று பதில் சொல்லலாம். ஆண்டவருக்குப் புரியும்.

தேர் வடத்தில் எல்லாக் கைக்கும் இடம் உண்டு. நம் பங்கிலும் எல்லாக் கைக்கும் இடம் இருக்கட்டும்.

மன்றாடுவோம். தலைசாய்க்க இடமின்றி எங்கள் நடுவே வாழ்ந்த ஆண்டவரே, எங்கள் பந்தியில் விடுபட்டவர்களைக் காணும் கண்களையும், அவர்கள் வாசலுக்குப் போகும் கால்களையும் எங்களுக்குத் தாரும். ஆமென்.