சிறைக்குப் பதில் நன்னடத்தை: யாருக்குக் கிடைக்கும்?

(தாராவி முதியோர் கல்வி மையத்தில் பேசியது)



போன வாரம் ஒரு தாய் என்னிடம் வந்தார். தண்ணீர்க் குழாயில் சண்டை. அவர் மகன் மீது வழக்கு. "பையனுக்கு இதுதான் முதல் தப்பு. நன்னடத்தையில் விட்டுவிடுவார்கள் இல்லையா, சார்?" என்று கேட்டார்.

ஜாமீன் வேறு, நன்னடத்தை வேறு. வழக்கு முடியும்வரை வெளியே இருப்பது ஜாமீன். குற்றம் நிரூபணமான பிறகும் சிறைக்கு அனுப்பாமல், "ஒழுங்காக இருப்பேன்" என்று எழுதி வாங்கிக்கொண்டு விடுவது நன்னடத்தை. இதற்கு 1958-இல் சட்டம் வந்தது. 3 ஆண்டு வரை இப்படி எழுதி வாங்கலாம். அதற்குள் தவறினால், பழைய குற்றத்துக்கே தண்டனை வரும்.

ஆனால் எல்லாக் குற்றத்துக்கும் இது கிடையாது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ கொடுக்கக்கூடிய குற்றம் என்றால் கதவு மூடிவிடும். கொலை, வன்புணர்ச்சி, வரதட்சணைச் சாவு எல்லாம் இதில் சேரும். வயது 20 என்றாலும் இந்தச் சட்டம் உதவாது. சாதிக் கொடுமைக்கு எதிரான 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் குற்றம் நிரூபணமானால், 18 வயதுக்கு மேற்பட்டவருக்கு நன்னடத்தை இல்லை.

குழாய்ச் சண்டைக்கே வருவோம். ஒருவன் கையால் அடித்து இன்னொருவரின் எலும்பை முறித்தான். இது 117-ஆம் பிரிவு. 7 ஆண்டு வரை சிறை. இங்கே நன்னடத்தை கேட்கலாம். அதே ஆள் கத்தியை எடுத்து உயிருக்கு ஆபத்தான காயம் செய்தால் 118-ஆம் பிரிவு. ஆயுள் தண்டனை வரை போகலாம். கேட்க வழியில்லை.

இந்த வரம்பு சரி என்றே நான் சொல்வேன். குத்துப்பட்டவரும் நம் சந்தில்தானே இருக்கிறார்? அவர் வீட்டுப் பெண் நாளைக்கு அதே குழாயில் பயமில்லாமல் குடம் வைக்க வேண்டாமா?

கதவு திறந்திருந்தாலும் நீதிபதி மறுக்கலாம். நடிகர் சஞ்சய் தத் வழக்கு தெரியும் அல்லவா? 1993 மும்பை குண்டுவெடிப்பு வழக்கில், சட்டவிரோதமாக ஆயுதம் வைத்திருந்த குற்றம் அவர்மேல் நிரூபணமானது. அவர் நன்னடத்தை கேட்டார். குற்றத்தின் தன்மை கடுமையானது என்று 2013 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. 5 ஆண்டு தண்டனை கிடைத்தது.

இன்னொரு விஷயம். இதுதான் நம் ஆட்களுக்குக் கஷ்டம். குற்றவாளிக்கோ ஜாமீன்தாரருக்கோ நிலையான இருப்பிடம் அல்லது ஒழுங்கான வேலை இருக்கிறதா என்று நீதிமன்றம் பார்க்கும். வாடகைச் சீட்டு, ரேஷன் கார்டு, முதலாளி கொடுத்த கடிதம் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும், காவலில் இருப்பவர்களுக்கும் இலவச வக்கீல் உண்டு. புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

அந்தத் தாயிடம் குற்றப்பத்திரிகையின் நகலைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். அது மராத்தியில் இருக்கும், பரவாயில்லை. 117-ஆ, 118-ஆ என்று அவரே படித்துப் பார்க்கட்டும். முடிவில் எந்தப் பிரிவு நிரூபணமாகிறது என்பதை நீதிமன்றம் சொல்லும்.