அக்குளில் கட்டும் நெறி

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும். உத்திரமேரூர்ப் பக்கம் இது தெரியாதவர் இல்லை. அப்போது வீங்குவதுதான் நிணநீர்க் கணு. அக்குளிலும் இப்படி 20, 30 கணுக்கள் இருக்கின்றன. மார்பகத்திலிருந்து வடியும் நிணநீரில் முக்கால் பங்குக்கு மேல் அங்கேதான் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி நெஞ்செலும்பை ஒட்டிய கணுக்களுக்குப் போகும்.

மார்பகப் புற்றுநோய் பரவத் தொடங்கினால் பெரும்பாலும் முதலில் பிடிப்பது இந்த வழியைத்தான். அதனால்தான் மார்பில் கட்டி என்று போனால் மருத்துவர் அக்குளையும் அழுத்திப் பார்க்கிறார். எத்தனை கணுக்களில் நோய் ஏறியிருக்கிறது என்பது, கட்டியின் அளவைவிடக் கூடுதலாகவே பின்னால் வரப்போவதைச் சொல்லும். ஒன்றிலும் இல்லை என்றால் நல்லது. 1 முதல் 3, 4 முதல் 9, 10-ம் அதற்கு மேலும் என்று எண்ணிக்கை ஏற ஏறச் சிகிச்சையும் கடுமையாகும். ஆனால் கணுவில் நோய் என்றதுமே வீட்டில் ஒப்பாரி வைக்க வேண்டியதில்லை; குணமாகி நடமாடுகிறவர்கள் நிறையப் பேர்.

முன்பெல்லாம் அக்குள் கணுக்களை மொத்தமாக வழித்து எடுத்துவிடுவார்கள். சிலருக்கு அதன்பின் கை வீங்கிக் கனத்துவிடும். நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிற பெண்ணுக்குக் கை போனால் கூலியும் போச்சு. இதற்கு ஒரு மாற்று பிறந்தது. ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் எந்த வாய்க்காலில் முதலில் இறங்கும் என்று நமக்குத் தெரியுமே, அந்தக் கணக்குத்தான். மார்பில் நீலச் சாயத்தை ஊசியில் ஏற்றி, அது முதலில் சேரும் கணுக்களை மட்டும் எடுத்துச் சோதிப்பது. இப்படிச் செய்த அனுபவத்தை 1994-ல் அமெரிக்க மருத்துவர் அர்மாண்டோ ஜூலியானோவின் குழு வெளியிட்டது. அந்த முதல் கணுக்களில் நோய் இல்லையென்றால் மற்றவற்றைத் தொட வேண்டாம். ஒன்றிரண்டில் இருந்தாலும், கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சும் கொடுக்கிற ஆரம்பநிலை நோயாளிகள் பலருக்கு மீதியை விட்டுவைக்கலாம் என்று 2011-ல் வெளியான ஆய்வு காட்டியது.

மார்பிலோ அக்குளிலோ தட்டுப்படும் புற்றுநோய்க் கட்டி பெரும்பாலும் வலிக்காது. வலிக்கவில்லையே என்று அறுவடை முடியட்டும், பொங்கல் போகட்டும் என்று தள்ளிப்போடுகிறவர்கள்தான் நம் பக்கம் அதிகம். தள்ளிப்போடாமல் போய்க் காட்ட, காஞ்சிபுரம் காரப்பேட்டையிலேயே அரசின் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது.

அறுவை முடிந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. பயாப்சி அறிக்கையில் எத்தனை கணு எடுத்தார்கள், அதில் எத்தனையில் நோய் என்று ஒரு வரி இருக்கும். அந்தத் தாளை ரேஷன் கார்டோடு சேர்த்துப் பத்திரமாக வையுங்கள். அடுத்து எந்த மருத்துவரிடம் போனாலும் அதைக் கேட்பார்.