குரங்குக் குட்டிகள் காட்டிய உண்மை



மருந்துக்காக விலங்கை வருத்தலாமா என நம் இளைஞர் வினவுகின்றனர். நடந்த ஒன்றைக் கூறுவேன்.

எச்.ஐ.வி.யின் இனமான எஸ்.ஐ.வி. என்னும் கிருமி ரீசஸ் குரங்குகளுக்கு எய்ட்சு நோயைத் தரும். அதன் மரபணு ஒன்றை நீக்கி வலிமை குன்றச் செய்து, அமெரிக்க அறிஞர் டெஸ்ரோசியர்சு குழுவினர் குரங்குகளுக்குச் செலுத்தினர். பின்னர் வலிய கிருமியைச் செலுத்தியபோதும் அவை நோயுறவில்லை. 1992-இல் இச்செய்தி வெளிவர, தடுப்பூசி கிட்டியதென்றே பலர் மகிழ்ந்தனர்.

ரூத் ரூப்ரெக்ட் அம்மையார் குழுவினரோ, மேலும் வலிமை குறைத்த அத்தகைய கிருமியைப் பிறந்த குட்டிகளுக்கு வாய்வழி அளித்தனர். தீங்கற்றதெனக் கருதிய அதுவே குட்டிகளுக்கு எய்ட்சைத் தந்தது. 1995-இல் இதனை வெளியிட்டனர். பின்னாளில் வளர்ந்த குரங்குகளும் நோயுற்றன. இத்தகைய ஊசியைத் தம் உடலில் ஏற்க 1997-இல் அமெரிக்க மருத்துவர் சிலர் முன்வந்தும், அது மனிதர்க்குச் செலுத்தப்படவில்லை.

மனிதர் பிழைத்தனர், மெய்தான். ஆயினும் அடுப்பிலும் ஏரிலும் அறியாது நேரும் ஆரம்ப இம்சை அன்று இது. ஐயறிவுயிர்க்கு எண்ணியே செய்த சங்கல்ப இம்சை. பயன் மிகுந்தமையால் அதன் பெயர் மாறிவிடுமென என்னால் கூற இயலவில்லை. க்ஷமாவணி நாளில் எல்லா உயிர்களிடமும் பொறுத்தருள வேண்டும்போது, அக்குட்டிகளையும் எண்ணிக்கொள்கிறேன்.